மூவாயிரம் வெள்ளிக்கு என்ன பிஸ்டல் வாங்கலாம்?

கேள்வி: ஐயா, வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துச் செம்பனை ஆலையில் வேலை செய்கிறேன். வயது 43. பாரிஸ் ஒலிம்பிக்கில் அந்தத் துருக்கிக்காரர் ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு சுட்டதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கும் குறி பார்த்துச் சுடும் ஆசை பிடித்துக்கொண்டது. போனஸ் பணத்தில் 3,000 வெள்ளி ஒதுக்கி வைத்திருக்கிறேன். விலை குறைந்த .22 பிஸ்டல் எது நல்லது? டெலிகிராமில் ஒருவர் ஏர் பிஸ்டல் விற்கிறார். காற்றில் சுடுவதற்கு லைசன்ஸ் தேவையில்லை என்கிறார். வாங்கலாமா? வீட்டுக்குப் பின்னால் செம்பனைக் காடுதான், ஆள் நடமாட்டம் கிடையாது. அங்கேயே பழகலாமா? இன்னொன்று, கிட்டத்தில் உள்ளது இப்போது கொஞ்சம் மங்கலாகத் தெரிகிறது. அது இடைஞ்சலாக இருக்குமா?

பதில்: முதலில் அந்த டெலிகிராம் ஆளிடம் பேச்சை நிறுத்துங்கள், தம்பி. மற்றதை அப்புறம் பார்ப்போம்.

நம் மலேசியாவின் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், ஆயுதம் என்றால் என்ன என்று சொல்லும் இடத்திலேயே காற்றுத் துப்பாக்கியையும் ஏர் பிஸ்டலையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. வெடிமருந்தில் சுடுகிறதா, காற்றில் சுடுகிறதா என்பதெல்லாம் அங்கே பேச்சே இல்லை. முழுத் துப்பாக்கி கூட வேண்டாம், அதன் ஒரு பாகமே ஆயுதக் கணக்கில்தான் வரும். ஆகவே 'குழலை மட்டும் தனியாக வரவழைத்துத் தருகிறேன், மற்றதை நீங்களே பூட்டிக்கொள்ளலாம்' என்று யாராவது சொன்னால் அதுவும் அதே குழிதான். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் 7 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டுமே. எல்லை தாண்டிக் கள்ளத்தனமாக வரும், வெடிமருந்துத் தோட்டா போடும் நிஜமான .22 என்றால் 1971-ஆம் ஆண்டுச் சட்டம் வேறு இருக்கிறது: 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது 6 பிரம்படி. பார்க்க நிஜம் போலவே இருக்கும் போலித் துப்பாக்கிக்கும் ஆயுதச் சட்டத்தில் 36-ஆம் பிரிவு என்று தனியாக ஒன்று உண்டு. 'இது வெறும் பொம்மை சார்' என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

லைசன்ஸ் வேண்டாம் என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது என்றால், வெளிநாட்டு வீடியோக்களிலிருந்துதான். ஜெர்மனியில் 7.5 ஜூல் சக்திக்கு உட்பட்ட காற்றுத் துப்பாக்கியை 18 வயது நிரம்பியவர் உரிமம் இல்லாமல் கடையில் வாங்கலாம். அமெரிக்காவில் பல இடங்களில் விளையாட்டுச் சாமான் கடையிலேயே தொங்கும். அங்கே அது சரி. இங்கே அதை நம்பிப் பணத்தைப் போட்டால் மாட்டுவது விற்றவர் அல்ல, வாங்கியவர்தான்.

உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததும் எனக்கு 1948 ஞாபகம் வந்தது. அந்த ஆண்டு ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத்தில், எல்பில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலுமாக மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க அவசரகாலம் வந்தது அதையொட்டித்தான். அனுமதியில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் மரண தண்டனை என்ற விதியும் அந்தக் காலத்தில் பிறந்ததுதான். 1960-இல் அவசரகாலம் முடிந்த அதே ஆண்டில் இப்போதைய ஆயுதச் சட்டம் வந்தது. நம் நாட்டில் துப்பாக்கி என்றால் போலீசார் ஏன் இவ்வளவு கெடுபிடியாக இருக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு, பாதிப் பதில் உங்கள் ஊரிலேயே கிடைக்கும்.

வீட்டுக்குப் பின்னால் சுடும் விஷயம். கூடாது. .22 தோட்டாப் பெட்டிகளில் ஒரு எச்சரிக்கை அச்சிட்டிருப்பார்கள்: ஒன்றரை மைல் வரை ஆபத்து. அதாவது ஏறக்குறைய 2.4 கிலோமீட்டர். செம்பனை வரிசைகளுக்கு நடுவே விட்ட தோட்டா எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஏர் பிஸ்டல் அவ்வளவு தூரம் போகாது, ஆனால் ஒருவர் கண்ணைப் பறிக்க அது போதும். ஆள் நடமாட்டம் இல்லை என்கிறீர்கள். உதிரிப் பழம் பொறுக்குபவர், மாட்டைத் தேடி வருபவர், தூண்டிலோடு கால்வாய்க்குப் போகும் பையன்கள், இவர்கள் யாரும் நேரம் சொல்லிவிட்டு வருவதில்லை. காட்டுப்பன்றிக்காக உரிமத்தோடு வேட்டைத் துப்பாக்கி வைத்திருக்கும் ஆட்களைத் தோட்டத்தில் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்குக் கொடுத்த உரிமம் அந்த வேலைக்கானது. பிஸ்டலுக்கும் அதற்கும் முடிச்சுப் போடாதீர்கள்.

சரி, இப்போது ஆசைப்பட்ட விஷயத்துக்கு வருவோம். நீங்கள் பார்த்த அந்தத் துருக்கிக்காரர் யூசுப் டிகேச். அப்போது அவருக்கு வயது 51. வெள்ளிப் பதக்கம் வாங்கியது 10 மீட்டர் ஏர் பிஸ்டல் கலப்புக் குழுப் போட்டியில். அதே போட்டியில் இந்தியாவின் மனு பாக்கரும் சரப்ஜோத் சிங்கும் வெண்கலம் வாங்கினார்கள். நம் ஜோனதன் வோங் பாரிசில் சுட்டதும் 10 மீட்டர் ஏர் பிஸ்டல்தான். இவர்கள் யார் கையிலும் அன்று .22 இல்லை. 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு போடும் ஏர் பிஸ்டல்தான் இருந்தது. ஆக, நீங்கள் மயங்கியது ஒன்றில், விலை விசாரிப்பது இன்னொன்றை.

இது நல்லதுக்குத்தான். பழகுவதற்கு ஏர் பிஸ்டலே மேல் என்று நான் யாரிடமும் தயங்காமல் சொல்வேன். .22-இல் சத்தமும் உதறலும் உண்டு. பெரிய துப்பாக்கியோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லைதான், ஆனாலும் புதிதாகத் தொடங்குபவர் அந்தச் சத்தத்துக்கு முன்கூட்டியே தோளை இறுக்கக் கற்றுக்கொண்டுவிடுவார். பிறகு அந்தப் பழக்கத்தைக் கழற்ற மாதக்கணக்கில் ஆகும். ஏர் பிஸ்டலில் உதறல் கிட்டத்தட்ட கிடையாது. தப்பு நடந்தால் அது உங்கள் தப்பு என்று குறி அட்டையில் அப்படியே தெரியும். அப்புறம் செலவு. .22 தோட்டா ஒருமுறை சுட்டால் முடிந்தது, அதன் கூட்டில் மறுபடி மருந்து அடைத்துப் பயன்படுத்த முடியாது. போதாக்குறைக்கு உரிமத்தில் எழுதியுள்ள எண்ணிக்கைக்கு மேல் தோட்டா வாங்கவும் முடியாது. ஈயக் குண்டு 500 கொண்ட டின்னாக வரும், ஒவ்வொரு சுடலுக்கும் ஆகும் காசு .22-ஐவிட மிகவும் குறைவு. 25 மீட்டர் .22 தளத்துக்குத் தோட்டாவைத் தடுக்கும் மண்மேடும் சுவரும் வேண்டும். 10 மீட்டர் தளத்தை ஒரு சாதாரண மண்டபத்துக்குள்ளேயே அமைத்துவிடலாம்.

ஆண்களுக்கான 50 மீட்டர் .22 பிஸ்டல் போட்டி 2016-க்குப் பிறகு ஒலிம்பிக்கில் இல்லை. மிச்சமிருப்பது 25 மீட்டர் ரேபிட் ஃபயர், அதாவது வேகமாகச் சுடும் போட்டி. ஐந்து குறிகளில் ஐந்து குண்டு, முதலில் 8 விநாடி, பிறகு 6, கடைசியில் 4 விநாடி. பார்க்க ஆசையாக இருக்கும். தொடங்குபவர் கை வைக்கும் இடம் அது இல்லை.

3,000 வெள்ளியை எங்கே போடுவது என்று கேட்டால், முதல் ஆண்டில் துப்பாக்கியில் போடவே வேண்டாம் என்பேன். மலேசியத் தேசியத் துப்பாக்கி சுடும் சங்கத்தின் கீழ் மாநில அளவில் சங்கங்களும் கிளப்புகளும் இருக்கின்றன. உங்களுக்குக் கிட்டம் ஈப்போ, அங்கிருந்து விசாரிக்கத் தொடங்குங்கள். கிளப்பில் சேர்ந்தால் துப்பாக்கி அவர்களுடையது, உரிமம் அவர்களுடையது, தளமும் அவர்களுடையது. உங்கள் பணம் சந்தாவுக்கும் குண்டுக்கும் பாதுகாப்புக் கண்ணாடிக்கும் போகட்டும். என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் துப்பாக்கியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். 'ஒரு வாரத்தில் எத்தனை மணி நேரம் சுடக் கிடைக்கும்' என்று கேட்பவர் அபூர்வம். முன்னேறுவது அந்த அபூர்வமான ஆள்தான்.

கிளப்பில் ஆறு மாதம், ஒரு வருடம் ஒழுங்காகச் சுட்ட பிறகும் ஆசை குறையவில்லை என்றால், சொந்தத் துப்பாக்கியைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் வரிசை மாறக்கூடாது. கிளப்பின் ஆதரவோடு மாவட்டப் போலீஸ் தலைமையகத்தில் மனு, மாநிலப் போலீஸ் தலைவரின் முடிவு, பிறகுதான் உரிமம் பெற்ற கடை. அனுமதி கைக்கு வரும் முன் முன்பணம் கூடக் கட்டாதீர்கள். மனு நிராகரிக்கப்படவும் வாய்ப்பு உண்டு. எங்கே பூட்டி வைப்பது என்பதையும் அப்போதே கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள்.

அந்த நாள் வந்தால் என்ன பார்ப்பது? ஏர் பிஸ்டலில் நாலு வகை உண்டு. கரியமிலவாயுக் குப்பி போட்டு, நிஜத் துப்பாக்கி போலவே செய்த மலிவு மாடல்களை விட்டுவிடுங்கள். பெரும்பாலானவை இரும்புக் குண்டு போடுவது, கெட்டியான எதில் பட்டாலும் திரும்பி வரும். வாயுவின் அழுத்தம் வெயிலுக்கு ஏறும், அடுத்தடுத்துச் சுட்டால் குளிர்ந்து இறங்கும், குறியும் அதோடு சேர்ந்து நகரும். ஸ்பிரிங் வகை மலிவுதான், ஆனால் உள்ளே பிஸ்டன் ஓடி நிற்கும்போது துப்பாக்கி முன்னும் பின்னும் உதறும். கையை எப்படிப் பிடிக்கிறோம் என்பதற்கேற்ப ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் விழும். கற்றுக்கொள்ளும் ஆளுக்குத் தன் தப்பு எது, துப்பாக்கியின் தப்பு எது என்றே தெரியாமல் போய்விடும்.

மூன்றாவது, ஒரே இழுப்பில் காற்றை அடைத்துச் சுடுவது. குறைந்த விலையில் உருப்படியானது இந்த வகைதான். வைராவுக் எச்.டபிள்யூ.40, கேமோ காம்பாக்ட் போன்றவை இதில் சேரும். ரஷ்யாவின் பைக்கால் இஸ்-46எம் இந்த வகையில் பலருக்கும் பிடித்த பழைய குதிரை. சிலிண்டர் கிடையாது, நிரப்ப ஓட வேண்டாம், ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு காற்று. குறை என்னவென்றால் ஒவ்வொரு சுடலுக்கும் நீங்களே நெம்பி இழுக்க வேண்டும். போட்டியில் 60 குண்டு, அதற்கு முன் பழக்கக் குண்டு வேறு. முடிவதற்குள் கை சலித்துவிடும்.

நாலாவது, போட்டிக்காரர்கள் வைத்திருக்கும் அழுத்தக் காற்றுச் சிலிண்டர் வகை: ஸ்டெயர், வால்டர், ஃபைன்வெர்க்பாவ், மோரினி, பார்டினி. புதியது ஐரோப்பாவிலேயே ஆயிரம் யூரோவைத் தாண்டும், ஆகவே உங்கள் தொகைக்குள் வராது. கிளப்பில் யாராவது பழையதை விற்றால் முறைப்படி உரிம மாற்றத்தோடு வாங்கலாம். அப்படி வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதி. 200 பார் அழுத்தத்தைத் தாங்கும் குப்பி அது. தயாரிப்பாளர்கள் அதற்குப் பொதுவாகப் பத்து ஆண்டுதான் ஆயுள் சொல்கிறார்கள். துப்பாக்கி மின்னும், சிலிண்டர் காலாவதியாகி இருக்கும். புதுச் சிலிண்டர் விலையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் அந்தப் 'பேரம்' பேரமாக இருக்காது.

எந்த வகையானாலும் இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒன்று கைப்பிடி. உங்கள் உள்ளங்கையில் அது உட்கார்ந்தால், கண்ணை மூடிக் கையை உயர்த்தித் திறக்கும்போது, குறி பார்க்கத் துப்பாக்கியின் மேல் முன்னும் பின்னும் வைத்திருக்கும் முன்குறியும் பின்குறியும் தானாக நேராக நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் அது உங்கள் கைக்கானது அல்ல. மரப்பிடிகள் சிறியது, நடுத்தரம், பெரியது என்று அளவில் வரும், ஆகவே சொல்லிக் கேளுங்கள். மற்றொன்று ட்ரிக்கர். போட்டி விதிப்படி ஏர் பிஸ்டலுக்குக் குறைந்தது 500 கிராம், 25 மீட்டர் .22 பிஸ்டலுக்குக் குறைந்தது 1,000 கிராம் இழுவை இருக்க வேண்டும். மலிவுத் துப்பாக்கிகளில் இதைவிடப் பல மடங்கு கனமாக, நடுவில் மணல் அரைப்பது போல இருக்கும். குழல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அந்த ட்ரிக்கர் அதைக் கெடுத்துவிடும்.

ட்ரிக்கர் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குச் சின்னக் கணக்கு. பின்குறிக்கும் முன்குறிக்கும் இடையே 32 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ட்ரிக்கரை வெடுக்கென்று இழுத்ததில் முன்குறி அரை மில்லிமீட்டர் மட்டும் விலகிவிட்டது. 10 மீட்டரில் அது 15 மில்லிமீட்டருக்கு மேல் விலகியிருக்கும். அட்டையில் ஒவ்வொரு வளையத்துக்கும் இடைவெளி 8 மில்லிமீட்டர், நடுவில் உள்ள பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 11.5 மில்லிமீட்டர். ஆக, அரை மில்லிமீட்டரில் ஏறக்குறைய இரண்டு வளைய அகலம் தள்ளிப் போயிற்று. அதே சமயம், இரண்டு குறிகளும் நேராக இருக்கும்போது கை முழுவதுமாக 5 மில்லிமீட்டர் ஆடினால், குண்டும் அதே 5 மில்லிமீட்டர்தான் தள்ளி விழும். கை ஆடுகிறதே என்று பயப்படுபவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். கை ஆடட்டும், முன்குறியும் பின்குறியும் ஒன்றுக்கொன்று விலகக்கூடாது. கண்ணை முன்குறியில் வைத்து, அட்டை மங்கலாகத் தெரியட்டும் என்று விட்டுவிட வேண்டும். மனம் இதற்கு லேசில் ஒப்புக்கொள்ளாது. கறுப்பு வட்டத்தைத்தான் உற்றுப் பார்க்கும்.

.22 பற்றி நீங்கள் நேராகக் கேட்டதால் ஒரு வார்த்தை. ரூகர் மார்க் வரிசை 1949-இல் வந்த மாடலிலிருந்து வளர்ந்தது, உழைப்பாளி. ஆனால் பழைய மாடல்களைக் கழற்றித் துடைத்து மறுபடி பூட்டுவதற்குள் வியர்த்துவிடும். 2016-இல் வந்த மார்க் ஃபோரில் ஒரு பொத்தானை அழுத்தினால் கழன்றுவிடும். பிரௌனிங் பக் மார்க்கும் நல்ல பெயர் எடுத்தது. இவை பொழுதுபோக்குக்குக் குறி சுட உகந்தவை. போட்டிக்கென்றே செய்தவை பார்டினி எஸ்பி, வால்டர் ஜிஎஸ்பி மாதிரி, விலையும் அதற்கேற்ப. எதுவானாலும் .22 ஒரு தோட்டாவை விரும்பி இன்னொன்றில் சிக்கிக்கொள்ளும் ரகம். நாலைந்து வகைத் தோட்டாவைச் சுட்டுப் பார்த்துத்தான் தேற வேண்டும். அதிவேகத் தோட்டா தேவையில்லை, சாதாரண வேகம்தான் குறிக்கு நல்லது. தோட்டா இல்லாமல் ட்ரிக்கரை இழுத்துப் பழகும்போது போலித் தோட்டா போட்டுக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பல மாடல்களில் தோட்டாவை வெடிக்க வைக்கும் ஊசி போய்க் குழலின் விளிம்பில் அடிக்கும். இது எல்லாம் உங்களுக்கு இரண்டாவது, மூன்றாவது வருடத்து விஷயம்.

வீட்டில் பழக ஆசை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர்ப் போத்தல் போதும். ஏர் பிஸ்டலின் எடையும் ஏறக்குறைய ஒரு கிலோதான். வெற்றுச் சுவரைப் பார்த்து நின்று, ஒரே கையில் போத்தலை மெதுவாகத் தோள் உயரத்துக்குத் தூக்கி, பத்து விநாடி வைத்து, இறக்குங்கள். மணிக்கட்டை மடக்காதீர்கள். இன்னொரு கையை பாக்கெட்டில் விட்டுக்கொள்ளலாம். அது ஸ்டைல் இல்லை, அந்தக் கை ஆடி உடம்பைக் குலைக்காமல் இருப்பதற்குத்தான். போலித் துப்பாக்கி வாங்கிப் பழகலாமே என்று நினைக்காதீர்கள். மேலே சொன்ன 36-ஆம் பிரிவை மறுபடி படியுங்கள்.

தளத்திலிருந்து வந்ததும் சாப்பிடும் முன், பிள்ளைகளைத் தூக்கும் முன், சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஈயம் கையிலும் சட்டையிலும் ஒட்டிக்கொண்டு வரும்.

கடைசியாகக் கண். 43 வயதில் கிட்டப் பார்வை மங்குவது எல்லாருக்கும் வருவதுதான், அதனால் சுடுவது நிற்காது. ஆனால் இந்த விளையாட்டில் தெளிவாகத் தெரிய வேண்டியது முன்குறி என்பதால், தூரப் பார்வைக் கண்ணாடியும் படிக்கும் கண்ணாடியும் இரண்டுமே சரிப்படாது. பல பார்வை கொண்ட புரோகிரெசிவ் கண்ணாடி இன்னும் மோசம், தலையை ஒரு நூல் சாய்த்தாலும் முன்குறி மங்கிவிடும். சுடும் கண்ணுக்கு மட்டும், உங்கள் தூரப் பார்வை அளவோடு அரை அல்லது முக்கால் பவர் கூட்டிய ஒற்றை லென்ஸ் பெரும்பாலானவர்களுக்குப் பொருந்துகிறது. மற்றக் கண்ணை இறுக்கி மூடாதீர்கள், முகத்தசை இழுக்கும். அந்தப் பக்க லென்சில் ஒரு வெள்ளைத் தாள் துண்டை ஒட்டினால் போதும். விதிப்படி அது 30 மில்லிமீட்டர் அகலத்துக்குள் இருக்க வேண்டும். கண்ணாடிக் கடையில் 'துப்பாக்கி சுட' என்று சொன்னால் திருதிருவென்று விழிப்பார்கள். கிளப்பில் ஒரு நாள் பிஸ்டலைப் பிடித்து நிற்கும்போது, உங்கள் கண்ணுக்கும் முன்குறிக்கும் உள்ள தூரத்தை வேறொருவரை விட்டு அளவு நாடாவில் எடுக்கச் சொல்லி, அந்த எண்ணைக் கடைக்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.